சாஃப்ட்வேர் அடித்தால் படம் திரும்புமா?

விழுப்புரம் ரயில் சந்திப்பை அடுத்த கடைகளிலும், திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே பழுது பார்ப்போர் மேஜைகளிலும், லோகோவைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோன கைப்பேசியை நீட்டுகிறவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "சாஃப்ட்வேர் அடிச்சுடுங்க, படமெல்லாம் தானா வந்துடும்." ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் முதல் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே வெள்ளக்காடாகிய பிறகு, நனைந்த கருவிகளோடு வந்த ஜனங்களிடம் இவ்வதந்தி வேதவாக்காகவே ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது.

சாஃப்ட்வேர் அடிப்பது, அதாவது ஃபிளாஷ் போடுவதென்பது, தயாரித்த நிறுவனம் எழுதிய இயங்குதளத்தைக் கணினியிலிருந்து யூஎஸ்பி கம்பி வழியே கைப்பேசியில் மறுபடி எழுதுவது, அவ்வளவே. நிறுவனத்தின் அந்தக் கோப்பில் உங்கள் பேத்தியின் காதுகுத்துப் படம் எப்படி இருக்கும்? நினைவகத்தில் இயங்குதளத்துக்கு ஓர் அறை, உங்கள் படங்களுக்கு வேறோர் அறை. எழுதுகிறவர் கவனமாயிருந்தால் இரண்டாவது அறை தப்பும், இல்லையேல் துடைக்கப்படும். சாம்சங் கருவிகளுக்கு ஃபிளாஷ் போடும் ஓடின் மென்பொருளில் 'ஹோம் சிஎஸ்சி' கோப்பைத் தேர்ந்தால் படங்கள் நிற்கும், வெறும் 'சிஎஸ்சி' தேர்ந்தால் அழியும். ஐஃபோனை ரெகவரி நிலையில் கணினியோடு இணைத்தால், 'அப்டேட்' உள்ளதைக் காக்க முயலும், 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் துடைக்கும். ஒரு சொடுக்கில் பத்தாண்டுப் படங்கள் போய்விடுகிற இந்த இடத்தில், அவற்றைத் திரும்பக் கொணரும் சக்தி இருப்பதாக நம்புவது எத்தகைய விபரீதம்!

துடைத்த பின்பு மீட்டுத் தரும் மென்பொருள் இருக்கிறதே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக வெளிவரும் கைப்பேசிகள் அனைத்தும் பயனாளரின் கோப்புகளைச் சங்கேத வடிவிலேயே வைத்தாக வேண்டும். அதன் திறவுகோல் சிப்பினுள் உறையும் ரகசியத்தோடு பிணைந்தது. அறையைத் துடைத்தால் திறவுகோலும் அழிகிறது. மிஞ்சுவதைப் படிக்கச் சென்னை ரிச்சி தெருவிலும் ஆளில்லை.

வெள்ளத்தில் நனைந்த கருவிக்கோ, சாஃப்ட்வேர் நோயே கிடையாது. நோய், பலகையில் படிந்த ஈரமும் அரிப்பும். அந்நிலையில் ஃபிளாஷ் போட்டு, பாதியில் மின்சாரம் தடைப்பட்டால், இருந்த மூச்சும் நின்றுவிடும். உடனே அணைத்து, சார்ஜில் போடாமல் கொண்டுவாருங்கள். பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, எழுப்பி, படங்களைப் பிரதி எடுத்த பிறகே மற்றது. அரிசிப் பானையில் புதைப்பதும் வீண்; அரிசித் துகள் துளைகளில் அடைவதே மிச்சம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

மற்ற பிரமைகள் சில்லறை. ஃபிளாஷ் போட்டால் கூகுள் கணக்குப் பூட்டு விலகும் என்பது பொய். 2015இன் ஆண்ட்ராய்டு 5.1 முதல் அது அழிப்பையும் தாண்டி நிற்கிறது. அசல் கோப்பால் கைப்பேசியின் 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறாது. மீடியாடெக் கருவியில் 'ஃபார்மட் ஆல்' கொடுத்துவிட்டால், மாறுவதற்குப் பதில் தொலைந்தே போய் சிக்னலும் அற்றுவிடும். வேண்டுமென்றே ஐஎம்இஐயைத் திருத்துவது, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ தரத்தக்க குற்றம்.

இவ்வளவு குழப்பத்துக்கும் ஒரு காரணம், அசல் கோப்புகள் எளிதில் கிட்டாமையே. கூகுள் தன் பிக்சல் கருவிகளுக்கு அவற்றைப் பகிரங்கமாக வைத்திருக்கிறது. ஆப்பிளின் கணினி மென்பொருள் தானே இறக்கித் தருகிறது. ஏனைய நிறுவனங்கள் பலவற்றின் கோப்புகளுக்கோ, ஊர் பேர் தெரியாத இணையதளங்களில் பிச்சை எடுக்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தளம் திறந்த மத்திய அரசு, இந்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மாடலின் அசல் கோப்பையும் இலவசமாக வெளியிடும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை, கடைக்காரர் கம்பியைச் செருகுமுன், "படம் இருக்குமா, போகுமா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.