காரையும் பிளேனில் ஏற்றணுமா?

கேள்வி: துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் அணி ஓடியதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. வெளிநாட்டில் ஓட்ட என் காரையும் விமானத்தில் கொண்டுபோக வேண்டுமா?
- ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: கார் வீட்டிலேயே இருக்கட்டுமுங்க. அங்குள்ள ரேஸ் அணிகளே வாடகைக்குக் கார் தரும், மெக்கானிக்கும் அவர்களே. நீங்கள் சுமக்க வேண்டியது ரேஸ் உடையும் ஹெல்மெட்டும்தான். ஹெல்மெட்டைக் கைப்பையில் வையுங்கள். லக்கேஜில் அடிபட்டால் பரிசோதனையில் நிராகரித்துவிடுவார்கள். கோவையிலிருந்து துபாய்க்குப் பக்கத்திலுள்ள ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது.

தடை லைசென்ஸில்தான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுபவராக இருந்தாலும் (மூடாதீர்கள், எதிரே லாரி வரும்), சாதாரண லைசென்ஸ் செல்லாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் போட்டி லைசென்ஸும், வெளிநாட்டில் ஓட்ட அதன் அனுமதியும் வேண்டும்.

அதற்கு முன் பயிற்சிக்குக் கோவை செட்டிபாளையம் போங்கள். மாருதி இன்ஜினில் ரேஸ் கார் கட்டிய கரிவரதன் பெயரில் அங்கே ஒரு டிராக் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். 2025 ஜனவரியில் துபாயில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த அஜித் அணிக்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருக்கிறது. செலவா? முதலில் வீட்டில் கேட்டுவிடுங்கள்.