மருந்துக்கு முன் செய்யத்தக்கன

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோர் பலர்க்கு மூட்டுவாதம், முதுகுநோவு, படுக்கைப்புண் முதலியவற்றால் வலி நாள்தோறும் உளதாகின்றது. அதனைத் தணிக்கும் வழி மருந்து ஒன்றேயோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வலி உண்மையை அறிதல் வேண்டும். மறதிநோயாற் சொல்லிழந்த முதியவர் நோகின்றது என உரைக்கமாட்டார். முனகுவர், முகஞ்சுளிப்பர், பேணுவோரைத் தள்ளுவர். இதனைப் பிடிவாதமெனக் கொண்டு உறக்கமருந்தால் அவரை அடக்குதல் பெரும்பிழையாம். 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'பெயினாட்' என்னும் அளவை, மூச்சு, குரல், முகக்குறி, உடற்குறி, ஆற்றுவார்க்கு ஆறுதல் என்னும் ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 2 வரை எண்ணிடுகின்றது.

இனி, முதுமையிற் சிறுநீரகம் தளர்தலின் மருந்துகள் பல உடலில் நெடிது தங்கும். ஐபுப்ரோஃபென் போல்வன இரைப்பையிற் குருதிக்கசிவை விளைக்கக்கூடும். அபின்வகை மருந்துகள் மலச்சிக்கலும் மயக்கமும் தந்து, தவறி விழுதற்கும் ஏதுவாம். ஆதலின் பொறுக்கத்தக்க வலிக்கு, கிடக்கும் நிலையை மாற்றுதல், தலையணையால் தாங்குதல், இளஞ்சூட்டு ஒத்தடம், மெல்லப் பிடித்துவிடுதல், சிறுநடை, விரும்பிய இசை ஆகியவற்றை முதலிற் கையாளுதல் நன்று.

இவை வெறும் உபசாரமோ எனின், அன்று. மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் 1965-இல் வெளியிட்ட வாயிற்கொள்கையின்படி, தொடுவுணர்ச்சி கொணரும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படின், முதுகுத்தண்டில் வலிச்செய்தி செல்லும் வாயில் ஒருவாறு அடைபடும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துக்கொள்வதும் இதுபற்றியே. பின்னாய்வுகள் அக்கொள்கையின் சில கூறுகளைத் திருத்தினும், அதன் சாரம் நிலைபெற்றுள்ளது.

எனினும் 'முன்' என்பது 'மாறாக' என்று பொருள்படாது. ஒத்தடமிட்டுச் சிறிது பொழுது கழித்து மீண்டும் அளந்து, வலி குறையாவிடின் மருத்துவரை அழைத்தல் கடன். எலும்புமுறிவு, புற்றுநோய் முதலியவற்றின் கடுவலிக்கு மருந்தைத் தாழ்த்தல் கொடுமை. உணர்ச்சி குன்றிய தோலிற் சூடு வைத்தலும் ஆகாது.

மாத்திரை கொடுக்க ஒரு நிமிடம் போதும். அருகமர்ந்து பேண ஆளும் பொழுதும் வேண்டும். ஆட்குறைவுள்ள இல்லங்களில் மாத்திரை முந்துவது இதனாலும் ஆம். திருவள்ளுவர் மருத்துவத்தை நால்வகைப்படுத்திய இடத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு நில்லாது, அருகிருந்து உதவுவோனையும் ஒருவனாக எண்ணினார். அந்நான்காமவன் இல்லாக்கால் ஏனை மூன்றும் குறைவுடையனவே. ஆதலின் மாணவ நண்பர்களே, நம் வீட்டு முதியவர் இரவில் முனகுவாராயின், மருந்துப்பெட்டியைத் திறக்குமுன் அவரருகே சென்று நோக்குவோமாக.