புறா கற்பிக்கும் இரு பாடங்கள்

கொல்கத்தாவில் தோட்டமும் மரமும் உள்ள வீடுகளின் கொல்லைப்புறத்தில் புள்ளிப் புறாக்கள் இரை தேடி வருவதுண்டு. வங்காளிகள் இவற்றைக் 'குகு' என்று அழைக்கின்றனர். பின்கழுத்தில் கறுப்பு நிறமும் அதில் வெண்புள்ளிகளும் கொண்ட சாதுவான பறவை இது. சில சுள்ளிகளால் எளிய கூடு கட்டி, இரண்டு வெண்ணிற முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும்.

அடைகாக்கும் பறவையின் கண்களைப் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூர்ந்து நோக்கியிருந்தார். 1882-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் ம. என்னும் மகேந்திரநாத் குப்தரிடம் யோகியின் இயல்பை விளக்குகையில், அக்கண்களையே உவமையாகக் கூறினார். கண்கள் திறந்திருக்கும், ஆனால் பார்வை எதிலும் படியாது. மனம் முழுவதும் முட்டைகளிலேயே நிலைத்திருக்கும். அத்தகைய படம் ஒன்றைக் காட்ட இயலுமா என்றும் கேட்டார்; முயல்வதாக ம. பதிலளித்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், அவதூதர் தம் 24 குருமார்களைப் பற்றி யது மன்னனிடம் கூறுகிறார். அவர்களுள் புறாவும் உண்டு. வேடனின் வலையில் குஞ்சுகள் சிக்கியதைக் கண்ட தாய்ப்புறா தானும் வலையில் விழுந்தது. ஆண்புறாவும் துயரம் தாளாமல் அவ்வாறே விழுந்தது. அளவு கடந்த பற்று அழிவைத் தரும் என்பது அவதூதர் பெற்ற பாடம். ஒரே பறவை யோகத்துக்கும் பந்தத்துக்கும் உவமை ஆவது எப்படி?

மனத்தின் ஒருமுகப்பாடு ஓர் ஆற்றல். இறைவனிடம் குவிந்தால் அதுவே யோகம். 'எனது' என்பதில் குவிந்தால் அதுவே தளை.

கொல்லைப்புறத்துப் புறாக்களிடம் இல்லறத்தார் இன்னும் ஒன்றைக் காணலாம். குஞ்சு பொரித்ததும் தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டுகின்றன. இரண்டு வாரமளவில் குஞ்சுகள் பறக்கத் தொடங்குகின்றன. பெற்றோர் அவற்றைத் தடுப்பதில்லை.

படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைகள் தொலைதூரம் சென்றபின், வெறுமையில் வாடும் பெற்றோர் இன்று பலர். அவர்கள் அன்பைத் துறக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் இறைவனுக்கு உரியவர்கள், வளர்க்கும் பணி மட்டுமே தம்முடையது என்று உணர்ந்தால் போதும். பிள்ளையின் நினைவு வரும்போதெல்லாம் அவனுக்காக ஒருமுறை இஷ்டதெய்வத்தின் நாமத்தை ஜபிக்கலாம். கவலையில் குவிந்த மனம், அதே கூர்மையுடன் மெல்ல மெல்ல இறைவன் பக்கம் திரும்பும்.