பட்டறை போடும் முன்

செங்கல்பட்டு.

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது.

கல்லூரிப் படிப்பு முடிந்து மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிப் பக்கம் சொந்தக் கற்சிற்பப் பட்டறைக்கு இடம் பார்க்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். நானும் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கொளவாய் ஏரிக் காற்றையும் ரயில் சத்தத்தையும் விட மனசில்லாமல் இங்கேயே இருந்துவிட்டேன். இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று ஓசூரிலிருந்து மகள் பிடிவாதமாகக் கூப்பிடுகிறாள். ஆக, நாம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இடம் மாறுகிறோம்.

வீடு மாற்றுவதில் ஒரு நன்மை இருக்கிறது. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து யோசித்தே ஆக வேண்டும். குடியிருக்கும்போது இந்த யோசனை யாருக்கும் வராது. பட்டறைக்கும் இது பொருந்தும். கொட்டகை போட்டு, ஆள் சேர்த்து, ஆர்டர் பிடித்த பிறகு எதையும் மாற்ற உனக்கு நேரம் இருக்காது. பழைய பட்டறைகளில் பார்த்த பழக்கங்களில் எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்பதை இப்போதே முடிவு செய். நீ முன்பணம் கொடுப்பதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

உன் தாத்தாவின் சாமான்கள் என்னிடம்தான் இருக்கின்றன. உளிகள், சுத்தி, சிலை அளவுகளுக்கான தாளக் கணக்குகளை அவர் கையால் எழுதிய நோட்டு, பெரிய காக்கி உறையில் எக்ஸ்ரே படங்கள். உளியும் நோட்டும் உனக்குச் சேர வேண்டியவை. எக்ஸ்ரே படங்களை எதற்கு அனுப்புகிறாள் என்று நினைக்காதே. அவையும் தொழில் சொல்லித் தரும்.

தாத்தாவுக்கு முதலில் வந்தது வறட்டு இருமல். பிறகு திருக்கழுக்குன்றம் மலைப்படியில் பாதி வழியில் உட்கார ஆரம்பித்தார். ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். கொஞ்ச காலத்தில் மறுபடி அதே இருமல், மறுபடி அதே மாத்திரை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு வேறொரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கல் வேலையா?" என்று கேட்டார். அடியில் இருந்த நோய்க்குப் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. சிலிகோசிஸ்.

1700-ல் இத்தாலியில் ராமசினி என்ற மருத்துவர் தொழில்நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். கல் கொத்துகிறவர்களின் நுரையீரல் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி எல்லா இடத்திலும் கேட்கப்படுவதில்லை. நீ எந்த டாக்டரிடம், எதற்காகப் போனாலும் முதல் வார்த்தையாக உன் வேலையைச் சொல்.

நெஞ்சு நோய் வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் நோயின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற படிகம் கலந்திருக்கிறது. கல்லை வெட்டும்போது அது பொடியாகிக் காற்றில் மிதக்கும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரை போகும் துகள் 5 மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். தெரியாத தூசுதான் உள்ளே தங்கும். தங்கிய இடத்தில் தழும்பு விழும். தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. மேற்கொண்டு, இந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடித்துக்கொள்ளும். தாத்தாவுக்கு இரண்டும் இருந்தன.

அவர் காலத்தில் உளியும் சுத்தியும்தான். சில்லு தெறிக்கும், பெருந்தூசு விழும், நுண்தூசு குறைவு. அதற்கே அவருக்கு இந்த கதி. உன் கையில் இருப்பது டைமண்ட் பிளேடு போட்ட கிரைண்டர். தாத்தா ஒரு நாள் முழுக்கக் கிளப்பிய நுண்தூசை அது காய்ந்த கல்லில் சீக்கிரமே கிளப்பிவிடும். மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஷின் இல்லாமல் இன்றைக்குப் பட்டறை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இதே சிக்கல் நம்மைவிட முன்னால் வந்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பாரி என்ற கிரானைட் ஊர். இத்தாலியிலிருந்து போன கைதேர்ந்த சிற்பிகள் அங்கே நிறையப் பேர். காற்றழுத்தச் சுத்திகள் வந்ததும் வேலை வேகமாயிற்று. குளிருக்காக மூடிய கொட்டகைகளில் தூசு நிறைந்தது. இள வயதிலேயே ஆட்கள் இருமிச் செத்தார்கள். லூயி புரூசா என்ற சிற்பி 1937-ல் அந்த நோயில் இறந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறைமேல் இருக்கும் சிலை, மனைவியின் கைகளில் சாயும் சிற்பியைக் காட்டுகிறது. அந்தப் பத்தாண்டின் முடிவில், உளி படும் இடத்திலேயே தூசை உறிஞ்சி எடுக்கும் குழாய்களைக் கொட்டகைகளில் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய வரவே இல்லை. சுத்தி அதேதான், கல்லும் அதேதான். குழாய் மட்டும் புதிது.

ஆகவே உன் கொட்டகையைத் திட்டம் போடும்போதே இவற்றைச் சேர்த்துக்கொள். வெட்டும் இடத்துக்குத் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வேண்டும். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் ஒரு நாளும் வேலை தொடங்காதே. முடிந்தால் ஈர வேலைக்குக் காம்ப்ரசர் காற்றில் ஓடும் கிரைண்டரை வாங்கு. தண்ணீர் ஊற்ற முடியாத நுண்ணிய வேலைக்குத் தூசு உறிஞ்சும் மெஷினைக் கைக்குப் பக்கத்தில் வை. கல் சேறு காய்வதற்குள் வழித்து எடுத்துவிடு. காய்ந்தால் அது மறுபடியும் தூசுதான். வாசலில் தண்ணீர் தெளித்துத்தானே பெருக்குகிறோம், பட்டறையையும் அப்படியே பெருக்கு. சாயங்காலம் காம்ப்ரசர் காற்றை மேலே அடித்துச் சட்டையை உதறும் பழக்கத்தை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்கிறவர் வேலை நேரத்தில் தப்பிய தூசையும் சேர்த்து மூச்சில் இழுக்கிறார்.

வேலைச் சட்டை பட்டறையிலேயே இருக்கட்டும். தாத்தாவின் வேட்டியை உதறித் துவைத்தது உன் பாட்டி. அந்தத் தூசு அவருக்கும் போயிற்று.

மாஸ்க்கை நம்பி மற்றதை விடாதே. முகத்தில் கட்டும் துண்டு வியர்வைக்கு ஆகும், நுண்தூசுக்கு ஆகாது. என்95 வகை முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி வைத்திருந்தால் ஒட்டாது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் அதை நாள் முழுதும் போட்டிருப்பதும் கஷ்டம். அதனால் கிரைண்டர் வேலையைக் காலையில் தனியாக முடித்துவிட்டு, மற்ற நேரத்துக்குக் கைவேலையை வைத்துக்கொள். கடல் காற்று வருகிறதே என்று சும்மா இருந்துவிடாதே. காற்று உன்னிடமிருந்து அடித்துப் போகும் தூசு பக்கத்துக் கொட்டகைக்காரர் மூக்குக்குத்தான் போகும்.

காதையும் பார்த்துக்கொள். தாத்தா கல் வாங்கப் போனால் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்பார். மணியோசை வருவது ஆண் கல், கைத்தாளத்தின் ஓசை வருவது பெண் கல், ஓசையற்றதை ஒதுக்கு என்பார். கிரைண்டர் இரைச்சல் முதலில் கெடுப்பது உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறனை. மணியோசை கேட்காத காதோடு நீ எந்தக் கல்லைத் தேர்ந்தெடுப்பாய்? காதடைப்பான் விலை மிகவும் குறைவு. கையும் அப்படித்தான். 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் கொத்துகிறவர்களைப் பரிசோதித்து, காற்றழுத்தச் சுத்தி பிடித்த விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை எழுதினார். நம் வெயிலில் வெளுப்பது தெரியாது. விரல் மதமதப்பதும் ஊசி குத்துவதும் தெரியும். தெரிந்தால் மெஷினைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பார். கண்ணாடி போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சாமிக்கே கண் திறக்கிற கை உனக்கு.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பாய். விலை சொல்லும்போதே தண்ணீர், உறிஞ்சும் மெஷின், மாஸ்க் செலவைச் சேர்த்துச் சொல். 2015-ல் உலகக் கைவினைப் பேரவை மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரம் என்று அறிவித்தது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு உரிய விலையைக் கேட்கத் தயங்காதே. கும்பாபிஷேகத் தேதி நெருங்குகிறது, ராவோடு ராவாக முடித்துக் கொடு என்பார்கள். காய்ந்த கல்லில் வெட்டினால்தான் அந்தத் தேதிக்கு முடியும் என்றால், அந்த ஆர்டர் உனக்கு வேண்டாம்.

இன்னொன்று. நீ இனிமேல் முதலாளியும்கூட. உன்னிடம் வேலைக்கு வரும் பையன்களின் நுரையீரலுக்கும் நீதான் பொறுப்பு. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை என்றால் கணபதி ஸ்தபதியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கற்களைக் கொத்தியவர்களின் பெயர் ஊருக்குத் தெரியுமா? நீ பட்டறை போடப்போகும் பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்ற பாறை இருக்கிறது. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், கொல்லன் சேமகன் என்று பல்லவர் காலத்துச் சிற்பிகளின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கொல்லனுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

உன் பட்டறையில் பாறை வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். ஒவ்வொருவர் பெயர், ஊர், சேர்ந்த தேதி, எந்தக் கல்லில் வேலை, எக்ஸ்ரே எடுத்த தேதி எல்லாம் எழுது. தொழில்நோய்களின் சட்ட அட்டவணையில் சிலிகோசிஸ் உண்டு. ஆனால் எங்கே, எவ்வளவு காலம் வேலை பார்த்தார் என்று காட்டக் காகிதம் இல்லாதவர் இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதுதான். குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் வேலை பார்த்து இறந்த 238 மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. அது வருவதற்குள் அந்தக் குடும்பங்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. நீயும் உன் ஆட்களும் கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாமல்லபுரத்தில் பல்லவர்கள் தொடங்கிய வேலை பலவும் முடியவில்லை. ஐந்து ரதங்களிலும் குறை இருக்கிறது. பிடாரி ரதமும் வலையன்குட்டை ரதமும் அரைகுறையாகவே நிற்கின்றன. இருந்தும் 1984-ல் யுனெஸ்கோ அந்த ஊரின் நினைவுச்சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல் பாதியில் நின்றால் உலகம் பார்க்க வரும். சிற்பி பாதியில் விழுந்தால் அவன் பெண்டாட்டி பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

சாமான்களை எடுத்துப் போக நீயே வண்டியோடு வா. வந்த கையோடு ஒரு வேலையை முடித்துவிட்டுப் போ. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம்தான் இன்று அங்கே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. என்ன வேலை செய்யப் போகிறாய் என்பதைச் சொல்லி, மார்பு எக்ஸ்ரே ஒன்றும் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை ஒன்றும் எடுத்துக்கொள். சொந்தப் பட்டறைத் தூசு படுவதற்கு முன் உன் நுரையீரல் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் எடுக்கும் படங்களை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதைப் பத்திரமாக வைத்த பிறகு பட்டறைக்கு முன்பணம் கொடு.

அன்புடன்,
அத்தை