தோட்டத்து ஓரங்களுக்கேற்ற பல வருஷப் பூச்செடிகள்

வீட்டுக் கொல்லையிலும் கிணற்றடியிலும் பாத்திகளின் ஓரமாக இரண்டு மூன்றடி அகலமுள்ள நிலம் வெறுமையாகக் கிடப்பது வழக்கம். அதில் பூச்செடி வைக்க விரும்பும் அங்கத்தினர்கள், ஒரே பருவத்தில் பூத்து மடிவனவற்றைவிட, ஒரு முறை நட்டால் பல வருஷம் நின்று பலன் தருவனவற்றைத் தேர்ந்தெடுத்தல் நலம். வருஷந்தோறும் விதைச் செலவு இராது. ஆனால் தேர்வு தவறினால் நட்டமும் பல வருஷம் தொடரும். ஆகையால் பூவின் அழகுக்கு முன் இடத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். வெயில் எவ்வளவு படுகிறது, மழைநீர் வடிகிறதா, கோடையில் பாய்ச்சத் தண்ணீர் மிஞ்சுமா என்னும் மூன்றும் முக்கியம்.

நிலச்சம்பங்கி: முழு வெயிலும் நல்ல வடிகாலும் வேண்டும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை ஆனி, ஆடி மாதங்களில் 1 அங்குல ஆழத்தில், முக்கால் அடிக்கு ஒன்றாக ஊன்றுக. சுமார் 3 மாதத்தில் பூக்கத் தொடங்கும்; 3 வருஷம் வரை விட்டுவைக்கலாம்.

செவ்வந்தி: இதற்கும் வெயில் அவசியம், நீர் தேங்கினால் வேர் அழுகும். பகற்பொழுது குறுகும்போது மொட்டு விடும் இயல்புடையது. இரவில் விளக்கொளி படும் இடத்தில் பூப்புத் தாமதமாகும். நட்ட 4 வாரத்தில் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகும். பூத்து ஓய்ந்தபின் தண்டை அறுத்துவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும்.

கனகாம்பரம்: தென்னை நிழல் சிறிது விழும் இடத்திலும் செழிக்கும். உலர்ந்த கதிர்களை அவ்வப்போது நீக்குக. கத்தரி, தக்காளிச் செடிகளின் வேரில் முடிச்சு கண்ட நிலத்தில் இதை நடலாகாது. அம்முடிச்சை உண்டாக்கும் நுண்புழு இதன் வேரையும் கெடுக்கும்.

கல்வாழை: குளியலறைத் தண்ணீர் ஓடி ஈரம் மாறாத இடத்திற்கு ஏற்றது.

நித்தியகல்யாணி: தண்ணீர் அரிதான வறண்ட ஓரத்திற்கு உரியது. இது நஞ்சுடையதாதலால், கால்நடைத் தீவனத்தில் கலவாமலும் குழந்தைகள் வாயில் வையாமலும் பார்த்துக்கொள்க.

ஒரே ஓரத்தில் சேர்த்து நடுபவை ஒரே அளவு வெயிலும் நீரும் வேண்டுபவையாக இருக்கட்டும். உயரமானவை பின்னும் குட்டையானவை முன்னும் நிற்க வேண்டும். சம்பங்கியைப் பின்வரிசையிலும் செவ்வந்தியை முன்வரிசையிலும் வைத்தால், ஒன்றன் நிழல் மற்றதைக் கெடுக்காதபடி வடக்கோரம் பின்வரிசைக்கு அமைவது நல்லது.

இதற்கென்று கடன் வாங்குதல் வேண்டா. ஒருவர் சம்பங்கியும் மற்றொருவர் செவ்வந்தியும் சிறிதளவு வாங்கி நட்டால் போதும். கிழங்கும் கன்றும் மண்ணிலேயே பெருகும். சம்பங்கிக் கிழங்கைத் தோண்டிய பின் சுமார் ஒரு மாதம் நிழலில் வைத்திருந்து நடலாம். நோயற்ற செடிகளிலிருந்து மட்டும் பிரித்தெடுத்து அங்கத்தினர் தமக்குள் பரிமாறிக்கொண்டால், முதல் குறையாமல் பலரும் பயனடைவர். குடும்பத்துப் பெண்டிர்க்குத் தலையில் சூடவும், மிஞ்சியதை விற்றுக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளவும் பூ கிடைக்கும்.