தீவகக் கடலைக் கணினியில் கணக்கிடுவது எப்படி?

வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில், யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் தினமும் எழும் கேள்வி ஒன்றுதான்: இன்று நெடுந்தீவுக்கு வள்ளம் ஓடலாமா? காற்றின் வேகத்தை வானிலை அறிக்கை சொல்லிவிடும். அந்தக் காற்றில் எந்தப் பாரின்மேல், அதாவது நீருக்கடிப் பாறைத்திட்டின்மேல், அலை உடையும், பார்களுக்கிடையே எந்த இடைவெளியில் நீர் இழுக்கும் என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் கணினி மாதிரி. தேவையான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கடற்றொழிலாளர் சங்கம் துணை நின்றால் பல்கலைக்கழக மாணவர் ஒருவரே செய்து முடிக்கலாம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். ‘தீவகக் கடல் முழுவதும்’ என்று தொடங்கினால் வேலை முடியாது. ‘25 நாட் வேகமுள்ள வாடைக்காற்றில் குறிகட்டுவான் – நயினாதீவுப் பாதையில் அலை எவ்வளவு உயரும்?’ என்பதுபோல் ஒரு பாதையைப் பற்றிய கேள்வி போதும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததுபோன்ற புயலின் கடற்பெருக்கு வேறு கணக்கு. அதற்கு வங்கக் கடலின் பெரும்பகுதியையும் உள்ளே எடுக்கவேண்டும்.

அடுத்து, கடலின் போக்கு. தெற்கே ஆதாம் பாலம் அணைபோல் கிடப்பதால், தென்மேற்குக் காற்று வீசும் சோளகத்தில் தீவுகளை அடிப்பவை பெரும்பாலும் பாக்கு விரிகுடாவுக்குள்ளேயே காற்று கிளப்பும் குறுகிய அலைகள். வாடையிலோ வடகிழக்கு வாய் திறந்திருக்கிறது. வங்கக் கடல் அலையையும் எல்லையில் கொடுக்கவேண்டும். 4 விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஆழமான நீரில் 25 மீட்டர். ஆழம் அதில் பாதிக்குக் கீழே போனதும் அலை தரையை உணரத் தொடங்கும். விரிகுடாவின் பெரும்பகுதி 12 மீட்டரைவிட ஆழம் குறைந்தது. ஆகவே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தரைதான்.

மூன்றாவது படி ஆழம் அளப்பது. உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ உலக ஆழத் தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 450 மீட்டர். ஒரு முழுப் பாரே அதற்குள் மறைந்துவிடும். முதலில் மூத்த கடலோடிகளிடம் வரைபடத்தை விரித்து, பார்களையும் வள்ளம் போகும் வழிகளையும் குறிக்கச் சொல்லுங்கள். அவர்கள் பாகக் கணக்கில் சொல்வார்கள்; ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். பிறகு பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியிருக்கும்போது, எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் பூட்டிய வள்ளத்தில் பாருக்குக் குறுக்காக 50 மீட்டருக்கு ஒரு கோடாக ஓடி அளவெடுங்கள். பாரின் விளிம்பில் கோடுகள் இன்னும் நெருங்கட்டும்.

அளக்கும் நேரமெல்லாம் இறங்குதுறையில் அளவுகோல் ஒன்றை நட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வராது என்று அலட்சியம் வேண்டாம். 2 மீட்டர் ஆழமுள்ள பாரில் அரை மீட்டர் பிழை என்றால் கால்வாசி பிழை. கோடுகளுக்கிடையே உள்ள பகுதியை சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் படங்களால் நிரப்பலாம். ஆனால் கடற்புல் படர்ந்த தரை படத்தில் கறுத்து, ஆழமாகத் தோன்றும். அங்கெல்லாம் நேரில் போய் அளந்தே ஆகவேண்டும்.

இனிக் கட்டங்கள். பாக்கு விரிகுடாவுக்கு 1 கிலோமீட்டர், தீவுகளைச் சுற்றி 200 மீட்டர், பாதைக்கு 50 மீட்டர் என ஒன்றுக்குள் ஒன்றாக அமையுங்கள். அலைக்கு ஸ்வான் மென்பொருள், நீரோட்டத்துக்கு டெல்ஃப்ட்-3டி. இரண்டும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உருவானவை. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு வைத்ததும் அந்நகரின் பெயரே. இரண்டையும் இணைத்தே ஓட்டுங்கள். பாரில் உடையும் அலை நீரைப் பின்புறம் தள்ளி மட்டத்தை உயர்த்தும். அந்த நீர் பார்களின் இடைவெளிவழியே ஓட்டமாகத் திரும்பும். தனியே ஓட்டினால் இது கணக்கில் வராது. அலையின் உயரம் ஆழத்தின் முக்கால் பங்கை எட்டும்போது அது உடையும் என்பது பொதுக்கணக்கு. உராய்வுக்கான மானிங் எண்ணை மணலுக்கு 0.02 என்று வைத்து, முருகைக்கல்லுக்கு அதன் இரு மடங்கிலிருந்து சோதியுங்கள்.

காற்றுக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈஆர்ஏ-5 மணிக்கொரு தரவு உண்டு. அதன் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் என்பதால் யாழ்ப்பாண வானிலைப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பு. பாரின் இருபுறமும் அழுத்தமானிகளை இறக்கி, அமாவாசையும் பௌர்ணமியும் அடங்க வாடையில் ஒரு மாதமும் சோளகத்தில் ஒரு மாதமும் விட்டுவையுங்கள். நீரோட்டத்தை அறிய ஜிபிஎஸ் வைத்த மிதவைகளை விடுங்கள். வாடைப் பதிவைக்கொண்டு மாதிரியைத் திருத்தி, சோளகப் பதிவில் சோதியுங்கள். நீரோட்டத்தின் திசையே பருவத்தோடு மாறும் கடல் இது. உராய்வு எண்ணை நம்பமுடியாத அளவுக்கு ஏற்றினால்தான் விடை பொருந்துகிறதென்றால், பெரும்பாலும் பிழை ஆழத்தில்தான் இருக்கும். திரும்பப் போய் அளந்து பாருங்கள்.

விடையைக் காற்றின் திசை, வேகம், பாதையின் ஆபத்தான பகுதி என ஒரே அட்டவணையாக்கி இறங்குதுறையில் மாட்டுங்கள். அளந்த ஆழப் புள்ளிகளையும் இலங்கையின் நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருபவர் நீங்கள் விட்ட பாரிலிருந்து தொடங்கட்டும்.