நகர எல்லையும் ஜனத்தொகைக் கணக்கும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் அமைந்துள்ளது பர்லியார். 1871-இல் இங்கு நிறுவப்பெற்ற அரசினர் தோட்டக்கலைப் பண்ணை, கிராம்பு, ஜாதிக்காய், மங்குஸ்தான் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. கீழே சமவெளியில் கோயம்புத்தூர் மாநகரம். மேலே குன்னூரும் உதகமண்டலமும். நகரங்களுக்கு நடுவே வாழும் கிராமத்தார்க்கு அந்நகரங்களின் வளர்ச்சி அயலார் செய்தி ஆகாது. நகரின் எல்லை விரியும்போது முதலில் உட்படுவது அதன் ஓரத்துக் கிராமமே. ஆகவே, நகரத்தின் விஸ்தீரணம், ஜனத்தொகை, ஜன நெருக்கம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஜன நெருக்கம் என்பது யாது?

ஓர் ஊரின் ஜனத்தொகையை அதன் விஸ்தீரணத்தால் வகுத்துக் கிடைப்பதே ஜன நெருக்கம். குன்னூர், உதகமண்டலம் ஆகிய இரண்டு நகரசபைகளும் 1866-இல் தோன்றியவை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15.05 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குன்னூரில் 45,494 பேரும், 30.36 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உதகமண்டலத்தில் 88,430 பேரும் வசித்தனர். வகுத்துப் பார்த்தால் குன்னூரில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3,020 பேர். உதகமண்டலத்தில் 2,910 பேர். ஒன்றின் பரப்பு மற்றதைப்போல் இருமடங்கு. ஜனத்தொகையும் ஏறக்குறைய இருமடங்கு. நெருக்கமோ பெரும்பாலும் சமம். எனவே, பெரிய நகரமெல்லாம் நெருக்கமான நகரம் என்று கொள்ளுதல் தவறு.

வரப்பை நகர்த்தினால்

ஒரு விவசாயி அடுத்த தோட்டத்தையும் விலைக்கு வாங்கி, நடுவேலியை எடுத்துவிடுகிறார் என்று கொள்வோம். அவ்வாண்டு அவர் களத்துக்கு வரும் மிளகு கூடும். ஆனால் கொடிகள் அதிகம் காய்த்துவிட்டன என்று நாம் சொல்லுவோமா? முன்பு அடுத்தவர் களத்தில் காய்ந்த மிளகு இப்போது இவர் களத்தில் காய்கிறது, அவ்வளவே.

நகரங்களிலும் இதுவே நிகழ்கிறது. கோயம்புத்தூர் மாநகராட்சியின் பழைய பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர். அவ்வெல்லைக்குள் 2001-இல் 9,30,882 பேரும், 2011-இல் 10,50,721 பேரும் இருந்தனர். பத்தாண்டு வளர்ச்சி சுமார் 13 சதவீதம். 2011-இல் 3 நகராட்சிகளும் 7 பேரூராட்சிகளும் 1 கிராமப் பஞ்சாயத்தும் அதனோடு இணைக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டராகவும், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படியான ஜனத்தொகை ஏறத்தாழ 16 லட்சமாகவும் ஆயின. பழைய எல்லையின் 2001-ஆம் ஆண்டுத் தொகையையும் புதிய எல்லையின் 2011-ஆம் ஆண்டுத் தொகையையும் ஒப்பிடுவோர், நகரம் 70 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாகத் தவறாக எண்ணிவிடுவர். ஜன நெருக்கமோ சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 9,950-லிருந்து 6,400 அளவுக்குக் குறைந்துவிட்டது. ஒரு வீடும் இடம் பெயரவில்லை. ஒரு தெருவும் அகலமாகவில்லை. எல்லைக்கோடு ஒன்றே நகர்ந்தது.

ஓரங்களில் நிகழும் வளர்ச்சி

நகரத்தின் நடுப்பகுதி நிரம்பி, நிலவிலையும் வாடகையும் உயர்ந்தபின், புதிதாக வருவோர் ஓரங்களில் குடியேறுகின்றனர். 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னையின் பழைய எல்லைக்குள் ஜனத்தொகை சுமார் 7 சதவீதமே பெருகிற்று. அதே பத்தாண்டுகளில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதமும், திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. குறுகிய எல்லையுடைய நகரம் நெருக்கம் மிகுந்ததாகவும் வளர்ச்சி குன்றியதாகவும் தோன்றும். அகன்ற எல்லையுடைய நகரம் நெருக்கம் குறைந்ததாகவும் விரைந்து வளர்வதாகவும் தோன்றும் என்பது இதனால் விளங்கும்.

மலைநாட்டின் நிலை

நீலகிரியில் கதை சற்று வேறு. 2001-இல் 7,62,141-ஆக இருந்த மாவட்ட ஜனத்தொகை 2011-இல் 7,35,394-ஆகக் குறைந்தது. இது சுமார் 3.5 சதவீதக் குறைவு. உதகமண்டலத்தில் இக்குறைவு ஏறத்தாழ 6 சதவீதம். குன்னூரில் ஏறத்தாழ 9 சதவீதம். மாவட்டம் முழுவதுமே குறைந்திருப்பதால், நகரை விட்டவர் யாவரும் அருகிலுள்ள கிராமங்களில் குடியேறினர் என்று முடிவு கட்டுவதற்கில்லை.

மாவட்டத்தின் ஜன நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 287 பேர் என்பது கணக்கு. ஆனால் 2,565 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாதிக்கு மேல் காடு. எஞ்சிய நிலத்தால் மட்டும் வகுத்தால் நெருக்கம் இரட்டிப்பாகிவிடும். மேலும், கணக்கெடுப்பு அங்கு வசிப்போரையே எண்ணுகிறது. கோடையில் வந்து செல்லும் உல்லாசப் பிரயாணிகளை எண்ணுவதில்லை. அவர்களுடைய வாகனப் பெருக்கம் காரணமாகவே, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. குடிநீரும் குப்பையும் பற்றித் திட்டமிடுவோர் கணக்கெடுப்பு எண்ணை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

பஞ்சாயத்துக்கு இதனால் என்ன?

பர்லியாரைப் போலக் காடும் தோட்டங்களும் சூழ்ந்த பஞ்சாயத்தில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. நகரத் தெருவில் நூறு வீடுகளுக்குப் போதுமான குடிநீர்க் குழாய், மலைச்சரிவில் ஒரு சிறு குடியிருப்பை எட்டுவதற்கே போதாமற் போகலாம். தலைக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கும் முறையில், நெருக்கம் குறைந்த ஊருக்கே நஷ்டம்.

ஒரு கிராமம் நகரோடு இணைந்தால் சாலை, விளக்கு, துப்புரவு வசதிகள் பெருகக்கூடும். ஆயினும் வரி விகிதம் மாறும். கிராம சபை இராது. கிராமப்புறங்களுக்கென உள்ள வேலை உறுதித் திட்டமும் பொருந்தாது. கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று. அரசியல் சட்டத்தின் 243-கியூ பிரிவு, ஒரு பகுதியை நகர்ப்புறமாக வகுப்பதற்கு ஜனத்தொகை, ஜன நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத தொழில்களில் ஈடுபட்டோரின் விகிதம் முதலியவற்றைக் கருதச் சொல்லுகிறது. எனவே இக்கணக்குகள் சரியாக இருத்தல் மிகவும் அவசியம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் எண்களைப் பயன்படுத்தும்போது நாம் செய்யவேண்டியவை நான்கு:

1. இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடுமுன், இரண்டிலும் எல்லை ஒன்றுதானா என்று பார்த்தல்.

2. பஞ்சாயத்தின் மொத்தப் பரப்பில் காடு, தோட்டம், குடியிருப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரித்தெழுதுதல்.

3. ஒவ்வொரு குடியிருப்பிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும், சாலைக்கும் நீராதாரத்துக்கும் உள்ள தூரத்தையும் பதிவேட்டில் குறித்தல்.

4. எல்லை மாற்றம் பற்றிய பேச்சு எழுந்தால், இந்த விவரங்களைக் கிராம சபையில் படித்துக்காட்டி, தீர்மானத்தில் சேர்த்தல்.

நகரம் வளர்ந்தது என்றோ தேய்ந்தது என்றோ யாரேனும் கூறினால், "எந்த எல்லைக்குள்?" என்று முதலில் கேட்போமாக. அக்கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே, நம் கிராமம் நகரோடு சேர்வது நன்றா, தனித்திருப்பது நன்றா என்று தெளிவாக முடிவு செய்ய இயலும்.